யார் ரத்தத்தில் இருந்தது?

பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் அதை முதலில் யாரிடம் சொல்வது என்று உங்களில் ஒருத்தி போன வாரம் என்னிடம் கேட்டாள். கணவனிடமா, மனைவியிடமா, கூட வந்திருக்கும் பெரியவரிடமா? இன்று உங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் புத்தகத்தை யாரும் எழுதியிருக்கவில்லை. ஆகவே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாயில் குழந்தைகளுக்கான ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் ரத்த நோய்ப் பிரிவில் நான் சமூகப் பணியாளர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். என்னை எடுத்ததற்கு என் படிப்பு பாதிக் காரணம். தாராவியிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களோடு பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது மீதிக் காரணம். என் மாட்டுங்காத் தமிழைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களுடைய திருநெல்வேலித் தமிழ் என் காதுக்குப் பழகவும் கொஞ்ச காலம் ஆயிற்று. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் ஆண்களுக்கு நான் 'சிஸ்டர்'தான். பெண்கள் சீக்கிரமே 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

பிரிவின் தலைவர் ஒரு அம்மையார். எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டர். மராத்திக்காரர்; என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார். அதையும் குறைவாகத்தான் பேசுவார். நான் கற்றதில் முக்கால்வாசி, அவர் பேசாமல் இருந்த இடங்களைப் பார்த்துக் கற்றதுதான்.

ஒரு மழைக்காலத்தில் பொன்ராஜும் எஸ்தரும் தங்கள் முதல் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பொன்ராஜ் தாராவியில் தோல் பட்டறையில் பெட்டி தைக்கிறவன். எஸ்தர் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெண் குழந்தை, பிறந்து ஒரு வாரம். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு உப்பியிருந்தது, பால் குடிக்கவில்லை.

குழந்தையின் முகத்தைப் பார்த்ததுமே வார்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இன்று நீங்கள் டவுன் சிண்ட்ரோம் என்கிறீர்கள். அன்று டாக்டர்களே வாய் கூசாமல் சொன்ன பெயரை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதால் வருவது இது என்று உலகத்துக்குத் தெரியவந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால், குழந்தையின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கணக்கில்லாமல் பெருகி, முதிராத அணுக்களாக மிதப்பதைப் பார்த்த இளம் டாக்டர் ஒருவர் கொஞ்சமும் தயங்கவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்த பொன்ராஜிடம் ஹிந்தியில் சொல்லிவிட்டார். பொன்ராஜுக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. ஒன்று கேன்சர். இன்னொன்று, நாட்கள்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழையும்போது பொன்ராஜ் வாசலில் நின்றான். அவனுக்கு முன்னால் அவனுடைய அண்ணன் தங்கராஜ். அதே பட்டறையில் மேஸ்திரி. அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் மூப்பர். தம்பியைப் பம்பாய்க்குக் கூட்டிவந்து, வேலை வாங்கிக் கொடுத்து, கல்யாணம் செய்துவைத்து, பக்கத்துக் கோலியிலேயே, அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டிலேயே, குடிவைத்தவர். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். சிரிக்கத் தெரியாதவர் என்று அன்று நினைத்தேன்.

"பிள்ளைய வீட்டுக்குக் கொண்டுட்டுப் போறோம்மா. சீட்டு எழுதித் தரச் சொல்லுங்க" என்றார்.

"டாக்டர் இன்னும் பார்த்து முடிக்கலையே?"

"சாவப் போற பிள்ளைக்கு ஆஸ்பத்திரி என்னத்துக்கு? தாய் மடியில போவட்டும்."

இந்த இடத்தில் எங்கள் பிரிவில் வழக்கமாக நடப்பது வாக்குவாதம். குழந்தையைக் கொண்டுபோனால் என்ன ஆகும் தெரியுமா என்று நாம் கேட்போம். இங்கே வைத்தால் மட்டும் பிழைக்குமா என்று அவர்கள் கேட்பார்கள். அந்த வாக்குவாதத்தில் நாம் ஒருநாளும் ஜெயித்ததில்லை. நான் வேறு கேள்வி கேட்டேன்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யணும்னு இருக்கீங்க?"

தங்கராஜ் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிற்று. "ஞானஸ்நானம் கொடுக்கணும்மா. பேரில்லாமப் போயிரக் கூடாது."

"அதை இங்கேயே செய்யலாமே."

"இங்கயா? விடுவாகளா?"

"நான் கேட்கிறேன்."

பெரிய டாக்டர் சரி என்றார். அன்று மதியமே சபையின் போதகர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். வார்டு மூலையில், ஆஸ்பத்திரிக் கிண்ணத்துத் தண்ணீரில், குழந்தைக்கு ரூபி என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சு வரவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது டிஸ்சார்ஜ் சீட்டு இல்லை. வேண்டியது என்ன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டதால் ஒரு குழந்தை எங்கள் கையில் தங்கியது.

இளம் டாக்டர் மருந்தை ஆரம்பிக்க அவசரப்பட்டார். அந்த நாளில் எங்களிடம் இருந்த சில மருந்துகள், கெட்ட அணுவையும் நல்ல அணுவையும் ஒரே கோலால் அடிப்பவை. பெரிய டாக்டர் ரத்தம் பூசிய கண்ணாடித் தகட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பொறு" என்றார். இந்த முகத்தோடு பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு முதல் வாரங்களில் ரத்தம் அப்படியே புற்றுநோய் போலவே இருக்கும், பிறகு தானாகவே வடிந்துவிடும், வெளிநாடுகளில் ஓரிருவர் எழுதியிருக்கிறார்கள், நானும் ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

"இது அதுதானா?" என்று இளம் டாக்டர் கேட்டார்.

"தெரியாது. மருந்து கொடுத்தால் எப்போதுமே தெரியாது."

பிறகு என்னைப் பார்த்தார். போய்ச் சொல் என்று அர்த்தம்.

உங்களில் சிலருக்கு இந்த நிலைமை இதற்குள் வந்திருக்கும். பிழைக்கும் என்று சொல்ல முடியாது; சாகும் என்று சொல்லவும் முடியாது. பொறுத்திருப்பதுதான் வைத்தியம் என்று ஒரு தாயிடம் சொல்ல வேண்டும். வார்த்தைகளை வழி நெடுக அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். எஸ்தர் முன்னால் போய் நின்றதும் எல்லாம் கலைந்துவிட்டது.

"எஸ்தர், பெரிய டாக்டருக்கே இன்னும் தெரியலை. கேன்சரா இருக்கலாம். தானாப் போயிடற ஒண்ணாவும் இருக்கலாம். மருந்து கொடுக்காம ரத்தத்தை மட்டும் தினம் பார்க்கப்போறாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாதுன்னு சொல்றதுக்கா வந்தீக?"

"ஆமா."

"நேத்துலருந்து வந்தவுக எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு." கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க அக்கா."

உட்கார்ந்தேன். அன்று முழுக்க நாங்கள் வேறு எதுவும் பேசியதாக ஞாபகம் இல்லை. தெரியாது என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். அதைச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள், அவ்வளவுதான்.

ரூபியின் ரத்தம் வடிந்தது. ஒரேயடியாக இல்லை, ஏறி இறங்கி, மழை ஓயும் சமயத்தில் சுத்தமாக வடிந்தது. மஞ்சள் போயிற்று. பால் குடித்தாள். இளம் டாக்டர் அந்தத் தகட்டை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தார். பிற்காலத்தில் அவர் நல்ல டாக்டராக ஆனதற்கு அந்தத் தகடும் ஒரு காரணம் என்பேன். பொன்ராஜ் மாஹிமில் மாதா கோயிலுக்குப் போய் மெழுகில் செய்த குழந்தைப் பொம்மை ஒன்றைக் காணிக்கை வைத்துவிட்டு வந்தான். அவர்களுடைய சபையில் அதெல்லாம் கூடாது. "அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்று என்னிடம் மட்டும் சொன்னான். அவனுடைய சுபாவம் அன்றே எனக்குப் புரிந்திருந்தது. பிரியம் வந்தால் எதையாவது மறைப்பான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெரிய டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இப்படி வடிந்த குழந்தைகளில் சிலருக்கு முதல் சில வருஷங்களுக்குள் நிஜமான ரத்தப் புற்றுநோய் திரும்ப வரக்கூடும். மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும். இரண்டாவது, நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ரூபியின் குரோமோசோம்களைப் பார்த்தபோது, அதிகப்படியான இருபத்தொன்று தனியாக இல்லை. இன்னொரு குரோமோசோமின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் அது பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். இருவர் ரத்தமும் வேண்டும்.

இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். ஆனால் ரத்தம் கொடுத்த விஷயம் தங்கராஜுக்குத் தெரிந்தது. தாராவியில் ஒரு சுவர்தான் இரண்டு கோலிக்கும். ரூபியின் மாதப் பரிசோதனைக்கு ஒருநாள் அவரும் கூட வந்து, எஸ்தர் காதில் விழும்படியாகவே என்னிடம் சொன்னார். "எங்க குடும்பத்துல இந்த மாதிரிப் பிள்ள பொறந்ததே கெடையாது. அந்தப் பொண்ணு வீட்டுலதான் என்னமோ இருக்கு. ரிசல்டு வரட்டும். அப்படித்தான்னா ஊருக்கு அனுப்பிர வேண்டியதுதான்."

பல வாரம் கழித்து முடிவு வந்தது. பொன்ராஜிடம் ஒன்றுமில்லை. எஸ்தரிடம் இருந்தது.

நான் இளமையில் படித்த கதைகளில் இந்த இடத்தில் உண்மை, குற்றம் சாட்டப்பட்டவளின் பக்கம் நிற்கும். எங்கள் தொழிலில் அந்த உத்தரவாதம் கிடையாது. பழி சொன்னவர் சொன்னபடியே முடிவு வந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

பெரிய டாக்டர் வழக்கப்படி பொன்ராஜைக் கூப்பிடச் சொன்னார். அன்று எல்லா டாக்டர்களும் கணவனிடம்தான் சொல்வார்கள்.

"இது எஸ்தரின் ரத்தம். முதலில் எஸ்தருக்குத்தான் தெரிய வேண்டும்" என்றேன்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நாளைக்கு அவன் வந்து கேட்டால்?"

"கேட்டால் பதில் சொல்வது என் பொறுப்பு."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் அறையை எங்களுக்கு விட்டுவிட்டு வெளியே போனார். அந்த அறையில் அவர் இல்லாமல் வேறு யாரும் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

எஸ்தருக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்து, அவள் தினம் பார்க்கும் லோக்கல் ரயிலின் டப்பாக்களை, அதாவது பெட்டிகளை, உதாரணமாக எடுத்துக்கொண்டேன். "எல்லாருக்கும் நாப்பத்தாறு டப்பா இருக்கு எஸ்தர். உனக்கும் அதேதான், ஒண்ணும் குறையலை. ஆனா ரெண்டு டப்பா பிரிக்க முடியாம ஒட்டிக் கிடக்கு. எண்ணினா நாப்பத்தஞ்சுன்னு வருது. அதனால உன் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. குழந்தைக்குப் பங்கு பிரிச்சுக் கொடுக்கும்போதுதான் சிக்கல். சில சமயம் ஒரு டப்பா அதிகமாப் போயிடும். ரூபிக்கு அப்படிப் போயிருக்கு."

அவள் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரகணத்தன்னைக்குக் காய் நறுக்கினேன். அதான்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இல்லை. நீ பிறக்கும்போதே இருந்தது இது."

"எங்கம்மைக்கு எனக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் தங்கல. அதும் இதுதானா?"

"இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"தெரிஞ்சு என்ன செய்ய, அக்கா?"

இதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கருவிலேயே பார்த்துச் சொல்லும் வசதி அன்று எங்களிடம் இல்லை. ஒட்டியதைப் பிரிக்க மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. "செய்ய அதிகம் இல்லை. அடுத்த குழந்தை நல்லபடியாப் பிறக்கலாம், மறுபடி இப்படியும் வரலாம், தங்காமலும் போகலாம். வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சே முடிவு பண்ணலாம். ரூபியோட ரத்தத்தை ஏன் விடாமப் பார்க்கணும்னும் இப்ப உனக்குப் புரியும்."

தலையாட்டினாள். "அவுகட்ட நான் சொல்லுதேன். நீங்க கூட இருங்க."

பொன்ராஜ் உள்ளே வந்தான். அவள் டப்பாக் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் முடித்ததும் எடுத்த எடுப்பில் சொன்னான்:

"அண்ணன்கிட்ட என் ரத்தத்துலதான் இருக்குன்னு சொல்லிருதேன்."

எஸ்தர் திகைத்துவிட்டாள். நானும்தான்.

"சிஸ்டர், நீங்களும் அப்படியே சொல்லிருங்க. என்னைய யாரும் ஊருக்கு அனுப்ப மாட்டாவ."

அந்த நிமிஷம் அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்த அந்த நிமிஷத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. "யார் வந்து கேட்டாலும் இது யார் ரத்தம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன் பொன்ராஜ். உங்க வீட்டுல என்ன சொல்றதுங்கறது உங்க ரெண்டு பேரோட முடிவு. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றேன்.

அவன் யோசிக்கவில்லை. தன் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று அன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிட்டான்.

ஒரு மாதம் போல அமைதியாக இருந்தது. பிறகு ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், தங்கராஜ் தனியாக என் அறைக்கு வந்தார். மேல் பொத்தான் போடவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"தம்பி ரத்தம்னா அது என் ரத்தமுந்தானம்மா?"

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பொன்ராஜின் பொய் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

"எம் மவளுக்கு வடாலாவுல மாப்பிள்ள பேசியிருக்கு. ஞாயித்துக்கெழம நிச்சயம். மாப்பிள்ள வீட்டுல கேக்கல. கேக்காட்டாலும் நான் சொல்லணும்லா? சபையில மூப்பரா இருந்துக்கிட்டு மறைச்சுக் கட்டிக் கொடுக்க முடியாது. ஞாயித்துக்கெழம எல்லாரையும் வச்சிட்டுச் சொல்லிரலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னால என் ரத்தத்த எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."

ரத்தம் எடுக்கலாம், முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்கோ மூன்று நாள்கூட இல்லை. அந்தப் பெண்ணின் கல்யாணம், இல்லாத ஒன்றுக்காக நின்றுபோகும். என் வாயில் பதில் தயாராக இருந்தது. உங்களுக்கு ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வாக்கியம், அது யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். சொல்வதற்கு எஸ்தர் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஒருவருடைய பயத்தைத் தீர்க்க இன்னொருவருடைய ரகசியத்தைச் செலவழிக்க எனக்கு உரிமை கிடையாது.

"மேஸ்திரி, சனிக்கிழமை வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க சம்சாரத்துகிட்டகூட."

"ஏன்?"

"காரணம் என்னால இப்பச் சொல்ல முடியாது. இன்னொண்ணு கேட்கறேன். நீங்க என்கிட்ட வந்து கேட்டதை உங்க தம்பிகிட்டயும் எஸ்தர்கிட்டயும் நான் சொல்லலாமா?"

அவர் யோசித்தார். அவருக்கும் ஒரு ரகசியம் உண்டு, அதற்கும் அனுமதி வேண்டும் என்பது அவருக்கு அதுவரை தோன்றியிருக்காது. முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம் தெரிந்தது.

"சொல்லுங்க" என்றுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம். சந்தில் குடங்கள் வரிசையாக நின்றன. எஸ்தர் இரண்டு குடத்தோடு எனக்கு முன்னால் வந்தாள். பொன்ராஜ் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில், தங்கராஜ் சொன்னதை அப்படியே சொன்னேன். என் அபிப்பிராயம் எதையும் அதில் சேர்க்கவில்லை.

பொன்ராஜ் நிலைகுலைந்து போனான். "நான் இத நெனைக்கவே இல்ல சிஸ்டர். அண்ணனுக்கு இப்படித் தோணும்னு..." பிறகு அவசரமாக, "அண்ணன் ரத்தத்தப் பாத்துட்டா ஒண்ணுமில்லன்னு வந்துரும்லா? அதுவரைக்கும் நிச்சயத்தத் தள்ளிப்போடச் சொல்லலாம்."

"எதைச் சொல்லித் தள்ளிப்போடறது?" என்று கேட்டேன்.

எஸ்தர் குடத்தை இறக்கி வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். பாயில் கிடந்த ரூபியைத் தூக்கித் தோளில் சாய்த்தாள்.

"எங்க போற?" என்றான் பொன்ராஜ்.

"பக்கத்து வீட்டுக்கு."

"எஸ்தர், கொஞ்சம் பொறு. அண்ணன் என்ன சொல்லுவாவன்னு..."

"அந்தப் பிள்ளைக்கு என்னால நிச்சயம் நின்னு போவணுமா?" என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க வாங்க. ஆனா பேசாதீக."

அதைவிடத் தெளிவான உத்தரவு எனக்கு என் வேலைக்காலத்தில் கிடைத்ததில்லை. போனேன். பேசவில்லை.

தங்கராஜ் தரையில் உட்கார்ந்து வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், வாசித்துக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய மனைவியையும் மகளையும் வெளியே போகச் சொல்லவில்லை எஸ்தர். எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டு சொன்னாள்.

"அத்தான், ரிசல்டு வந்தது அவுக ரத்தத்துல இல்ல. எனக்குத்தான். என்னைய அனுப்பிருவீகன்னு பயந்து அவுக மாத்திச் சொல்லிட்டாவ. உங்களுக்கும் உங்க மவளுக்கும் இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. நிச்சயத்த நல்லபடியா நடத்துங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்னைய அனுப்பணும்னா அதுக்குப் பொறவு அனுப்புங்க."

தங்கராஜ் தம்பியைப் பார்த்தார். அவன் வாசல்படியில் நின்றான்.

"லேய், பொய் சொல்லுததுக்கு உனக்கு எம் ரத்தந்தான் கெடச்சுதா?"

அவர் மகள் சிரித்துவிட்டாள். பயம் தெளிந்த சிரிப்பு. அடக்க முடியாமல் வந்தது. பொன்ராஜ் அழ ஆரம்பித்தான். தங்கராஜ் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்தார்.

"உக்காரும்மா" என்றார் எஸ்தரிடம். அவள் நின்றுகொண்டே இருந்தாள். "உக்காருன்னு சொல்லுதேன்லா. பிள்ளைய வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப?"

அவள் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல. பட்டறையில எவனாவது என்னய உத்துப் பாத்தா இவனுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு தோணும். எம் மவ மூஞ்சியப் பாக்க முடியல. நான் என்னத்தச் செஞ்சேன்? ஒண்ணும் செய்யல. ஆனா செஞ்சவன் மாதிரியே இருந்தேன்." எஸ்தர் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரியில வச்சு நான் பேசினேன்லா, உன் காதுல விழணும்னு. அன்னையிலருந்து உனக்கும் இப்படித்தான் இருந்துருக்கும்."

எஸ்தர் ரூபியை மடியில் சரித்துக்கொண்டாள்.

"இனி இந்த வீட்டுல எவனும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. நானுந்தான்." கையை நீட்டினார். "பிள்ளையக் கொடு."

ரூபி அவருடைய வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

அந்தப் பொய் நல்லதுதானே செய்தது என்று இந்தக் கதையைக் கேட்ட சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். செய்தது. இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் அதுவே முறித்திருக்கும். ஒரு வீட்டுக்குள் சொன்ன பொய் எந்த வீட்டில் போய் இறங்கும் என்று சொன்னவனுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. அதனால்தான் நாம் அதில் கூட்டு சேருவதில்லை. குடும்பத்தார் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைத் தடுக்கவும் போவதில்லை.

நிச்சயம் நடந்தது. வடாலா மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு தட்டு லட்டு எங்கள் பிரிவுக்கும் வந்தது. அதற்குப் பிறகு பொன்ராஜுக்குப் பட்டறையில் லீவு கிடைக்காத மாதங்களில் ரூபியைத் தங்கராஜே தூக்கிக்கொண்டு வந்தார். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். முடிவு கேட்கும்போது மட்டும் நேராகப் பார்ப்பார். அவளைப் போலவே வடிந்து, பிறகு நோய் நிஜமாகவே திரும்பிவந்த குழந்தைகளும் எங்கள் பிரிவில் இருந்தார்கள். அன்றைய மருந்துகளால் அவர்களுக்குச் சில மாதங்களைத்தான் வாங்கிக் கொடுக்க முடிந்தது. ரூபிக்கு அது வரவில்லை. ஒவ்வொரு மாதமும் வரக்கூடும் என்று பார்த்து, வரவில்லை என்று தெரிந்துகொண்டே அந்த ஆபத்தான வருஷங்களைத் தாண்டினோம். தாமதமாக நடந்தாள், தாமதமாகப் பேசினாள்; பேசிய முதல் வார்த்தை திட்டுவது போல இருந்தது என்று தங்கராஜ் பெருமையாகச் சொன்னார்.

ரூபிக்கு நாலு வயது நடக்கும்போது எஸ்தர் மறுபடி உண்டானாள். தெரிந்தே எடுத்த முடிவு. அந்த மாதங்களில் அவள் என்னிடம் ஆறுதல் கேட்டதில்லை. நானும் கொடுக்க முயலவில்லை. பெண் குழந்தை பிறந்தது. பெரிய டாக்டர் நேரே போய்ப் பார்த்தார். கண், காது, உள்ளங்கை, கழுத்து, எல்லாம் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தைக்கு அது இல்லை" என்றார். பிறகு ஊசிக்குக் கை நீட்டினார். அம்மாவைப் போல இரண்டு டப்பா ஒட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வருங்காலத்துக்கு உதவும், எங்கள் ஆராய்ச்சிக்கும் உதவும்.

நான் எஸ்தரிடம் தமிழில் சொன்னேன்.

"பிள்ளைக்கு இப்ப அதனால ஏதாவது வைத்தியம் உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லை. இருந்தாலும் இல்லாட்டாலும் இவ நல்லாத்தான் இருப்பா. வளர்ந்து குழந்தை பெத்துக்கற வயசுலதான் தேவைப்படும்."

"அப்ப இப்ப வேண்டாம். இவ பெரிசாயி இவளே கேக்கட்டும். நான் கேட்டுக்கிட்டு வந்து இவகிட்டச் சொன்னா அது சரியா இருக்காது."

பெரிய டாக்டரிடம் மொழிபெயர்த்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு தூரம் தொடர்ந்து பார்த்த ஒரு குடும்பம். ஒரு துளி ரத்தம்தான் பாக்கி. என்னிடம், "நீ எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வாள்" என்றார்.

"ஒப்புக்கொள்வாள். அதனால்தான் நான் சொல்லப் போவதில்லை" என்றேன்.

அவர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தக் குழந்தையின் ரத்தத்தை நாங்கள் எடுக்கவில்லை. பெரியவளானதும் ஒருநாள் வா, இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அவளிடம் சொல்லிவைப்பதாக எஸ்தர் சொன்னாள்; அப்படியே சொல்லியும் வைத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பெண் வரவில்லை. என் மேசையில் அது முடிக்காமல் விட்ட வேலையாக ஒருநாளும் தோன்றியதில்லை.